மிச்சமிருந்த பத்தொன்பது நாட்கள்

எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்படும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். போகுமுன் உங்களில் நாலு பேராவது சாமித்தட்டைப் பார்த்துவிட்டு என் காதுக்குள் கேட்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தியேட்டிக் கிரியை முடிந்தது, ஐயர் வந்து தீர்த்தமும் தெளித்தாயிற்று, பிறகு ஏன் இன்னும் விளக்கேற்றவில்லை என்று கேட்பீர்கள். நாலு பேருக்கும் நாலு தரம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. என் பொறுமையின் அளவு உங்களுக்குத் தெரியாததும் இல்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முறைப்படி பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா அளவெட்டியில் பிறந்தார். அவருடைய தகப்பனார் தலைமையாசிரியர், ஆசாரத்தில் ஒரு நூலும் விலகாதவர். ஐந்து பிள்ளைகளில் அந்தக் குணம் அம்மாவுக்கு மட்டும் அப்படியே இறங்கியிருந்தது. இருபது வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். தாய் தகப்பன் இல்லை. பத்து வயதில் ஒரு தம்பி மட்டும் இருந்தார். அவர்தான் எங்கள் சித்தப்பா. கலியாணமாகி அடுத்த கிழமையே அம்மா தன்னைப் பிடித்து இருத்திப் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து முழுகவார்த்த கதையைச் சித்தப்பா எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் காய்ச்சல் வந்தால் அம்மாவின் மடிதான் அவருக்கு வேண்டும். எனக்கு ஒரு தமையன் இருந்திருந்தால் அம்மா அவனுக்கு இதைவிட அதிகமாக எதுவும் செய்திருக்க மாட்டார்.

எழுபதுகளின் நடுவில் அவுஸ்திரேலியா எங்களைப் போன்றவர்களுக்கும் கதவைத் திறந்தபோது அப்பா முதலில் சிட்னிக்கு வந்தார். அடுத்த வருடம் அம்மாவும் நானும் தங்கச்சியும் வந்தோம். ஹோம்புஷில் இரண்டாம் மாடியில் ஒரு பிளாட். ரயில் போகும்போது குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடும். அந்த அலுமாரியின் மேல்தட்டுத்தான் அம்மாவின் கோயில். அப்போது சிட்னியில் எங்களுக்கு வேறு கோயில் இல்லை. பிள்ளையார் படம், முருகன் படம், ஊரிலிருந்து சீலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த பித்தளை விளக்கு. நல்லெண்ணெய்க்குச் சீனாக்காரர் கடைக்குப் போகவேண்டும். அந்த எண்ணெயில் வறுத்த எள் மணக்கும். பிள்ளையார் பொறுத்துக்கொள்வார் என்று அம்மா சொல்வார். ஊரில் ஆசிரியையாக இருந்தவர் இங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சட்டைக் கொலர் தைத்தார். அதைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

துடக்கு என்றால் என்ன என்று உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கக்கூடும். சொல்லிவிடுகிறேன். எங்கள் இரத்தத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் வீட்டில் விளக்கேற்ற மாட்டோம். மச்சம் மாமிசம் இல்லை, மரக்கறிதான். செய்தி கேட்டவுடன் தலை முழுகவேண்டும். அம்மா இதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். நாங்கள் வந்த முதல் வருடமே மலேசியாவில் அப்பாவின் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் இறந்துபோனார். அப்பாவே அவரை நேரில் கண்டதில்லை. ஆனாலும் முப்பத்தொரு நாள் எங்களுக்கு போஞ்சியும் பருப்பும்தான். தங்கச்சியின் ஏழாவது பிறந்தநாள் கேக்கும் அதோடு போயிற்று. யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்காக அவள் அழுத அழுகை எங்கள் குடும்பத்தில் இன்றுவரை பகிடி. அப்பாவுக்கு இதிலெல்லாம் பெரிய பற்றில்லை. சாமித்தட்டின் பக்கமே போகமாட்டார். ஆனால் அம்மா சொன்னால் சரி என்று இருந்துவிடுவார்.

எழுபத்தேழாம் ஆண்டு நடுவில், இங்கத்தைய பனிக்காலத்தில், அப்பாவுக்கு இருதய வருத்தம் முற்றியது. சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இருதய வால்வைத் தின்றுவிட்டிருந்தது. முதலில் மாடிப்படி ஏற மூச்சு வாங்கினார். பிறகு கால் வீங்கியது. ஒருநாள் இருமிய கைலேஞ்சியில் இரத்தம். வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்கவேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய சத்திரசிகிச்சை. நாளும் குறித்தார்கள். சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் அம்மாவையும் என்னையும் வைத்தியசாலை நடைபாதையில் நிறுத்தி வைத்துச் சொன்னார். எனக்குப் பதினாறு வயது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதுவரைக்கும் மனிதருக்கு ஒரு அதிர்ச்சியும் வரக்கூடாது. இந்த நாள் தவறினால் அடுத்த இடம் டிசம்பர் நத்தாருக்குப் பிறகுதான் கிடைக்கும். நத்தார்வரை இந்த இருதயம் தாங்காது. அம்மா தலையை ஆட்டினார்.

அப்பாவின் கட்டிலை அறையிலிருந்து ஹோலுக்குக் கொண்டுவந்தோம். அங்கேதான் வெயில் விழும். அங்கே படுத்தால் குசினியும் சாமித்தட்டும் நேரே தெரியும். அது பின்னால் எங்களுக்கு வினையாக வந்தது.

ஆவணியில் ஊரில் கலவரம் தொடங்கியது. அதை நாங்கள் யுத்தம் என்று அப்போது சொல்லவில்லை. பின்னால் வந்த முப்பது வருடத்தின் தொடக்கம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. சித்தப்பா அநுராதபுரத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தார். இருபத்தெட்டு வயது, கலியாணமாகவில்லை. அநுராதபுரத்தில் தமிழர்களை அடிக்கிறார்கள், ரயிலில் வந்தவர்களை இறக்கி அடிக்கிறார்கள் என்ற செய்தி முதலில் எங்கள் அன்ரிக்கு வந்தது. அன்ரி என்று நான் சொல்வது இரண்டு தெரு தள்ளி இருந்த குடும்ப நண்பர். தெரிந்தவர்களில் ரெலிபோன் வைத்திருந்தவர் அவர்தான்.

அன்றே அம்மா வேலையைத் தொடங்கிவிட்டார். அப்பாவின் சிற்றலை வானொலி பழுதாகித் திருத்தப் போனது. நல்லாகத்தானே பாடினது என்று அப்பா முணுமுணுத்தார். அது அன்ரி வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. பேப்பர் வாங்குவது நின்றது. சித்தப்பாவின் நீலக் கடிதம் ஏன் வரவில்லை என்று கேட்டபோது தபால்காரர் வேலைநிறுத்தம் என்றார். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் யாராவது ஒருவர் வேலைநிறுத்தம் செய்துகொண்டுதான் இருந்தார்கள், அதனால் அப்பா நம்பினார். சுகம் விசாரிக்க வந்தவர்களை அம்மா படியிலேயே மறித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு ஏறுங்கள், முடியாதென்றால் இன்னொருநாள் வாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒருவர் கோபித்துக்கொண்டு திரும்பியே போனார். பிறகு பத்து வருடம் எங்களோடு கதைக்கவில்லை.

தந்தி அன்ரி வீட்டுக்குத்தான் வந்தது. கொழும்பில் இருந்த உறவினர் ஒருவர் அடித்திருந்தார். சித்தப்பா கொல்லப்பட்டார் என்பதும் திகதியும் மட்டும் இருந்தன. உடல் கிடைத்ததா, யார் கொள்ளி வைத்தார்கள், எதுவும் இல்லை. தந்தி வந்தபோதே அவர் இறந்து நாலாவது நாள். தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் அம்மாவை அன்ரி கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். அம்மா குளியலறைக்குள் போய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு அழுதிருக்கிறார். பிறகு அங்கேயே தலை முழுகிவிட்டு, ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தார்.

அப்பா கட்டிலில் இருந்தபடி ஏன் இந்தக் குளிருக்குள் முழுகினீர் என்று கேட்டார். தொழிற்சாலையில் துணிப் பஞ்செல்லாம் தலையில் கொட்டிவிட்டது என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு ஊத்தை உடுப்புக் கூடையைத் தூக்கி என் கையில் தந்து, என்னைக் கீழே சலவை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெஷினைப் போட்டுவிட்டு, அதன் சத்தத்துக்குள் சொன்னார்.

"சித்தப்பா போயிட்டார் பிள்ளை. அழுறதெண்டால் இஞ்சையே அழுது முடி. மேல வந்து அழக்கூடாது."

மெஷின் ஓடி முடியும்வரை அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் அழவில்லை. தங்கச்சிக்குச் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்பது வயது, வாயில் ஒன்றும் நிற்காது.

இனிச் சொல்லப்போவதுதான் அம்மா செய்த பிழை. வானொலியை மறைத்தார், பேப்பரை மறைத்தார், கடிதத்தையும் ஆட்களையும் மறித்தார். எத்தனை பொய் வேண்டுமென்றாலும் சொன்னார். ஆனால் துடக்கை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்று மாலை விளக்கேற்றவில்லை. மீன் வாங்குவதை நிறுத்தினார். வாயால் பொய் சொல்லலாம், சாமிக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது என்பது அவருடைய நியாயம். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள்.

முதல் மூன்று நாள் எண்ணெய் முடிந்துவிட்டது என்றார். எண்ணெய்ப் போத்தல் அரைவாசி நிறைய அலுமாரியில் நின்றதை நான்தான் எடுத்து ஒளித்தேன். அடுத்த நாட்களுக்குத் தனக்கு வீட்டுக்கு விலக்கு என்றார். அப்படியென்றால் மகளை ஏற்றச் சொல்லுமேன் என்றார் அப்பா. அவளுக்கும்தான் என்று அம்மா சொன்னார். அப்பா கட்டிலில் படுத்தபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினார். தங்கச்சி சாப்பாட்டு மேசையில் இருந்து, இன்றைக்கும் மீன் இல்லையா என்று இங்கிலீஷில் சிணுங்குவாள். எனக்கு அவள் வாயைப் பொத்தவேண்டும் போல் இருக்கும். ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரம் அம்மா குசினிக்குள் தேவையில்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்பார். அப்பாவின் கண் தட்டில் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை. சத்திரசிகிச்சைக்கு ஐந்து நாள் இருந்தது. சித்தப்பாவுக்கு அன்று பதின்மூன்றாம் நாள். தங்கச்சி கீழே விளையாடப் போயிருந்தாள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். நான் வாசலில் நின்றேன்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

ஒருவரும் சாகவில்லை, என்ன கதை கதைக்கிறீர்கள் என்றார் அம்மா.

"ஒன்பது நாளா விளக்கில்லை. மீனில்லை. அண்டைக்குத் தலை முழுகிப்போட்டு வந்து நிண்டனீர். நான் நெஞ்சு வருத்தக்காரன், விசரன் இல்லை. தம்பியோ?"

அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. தலையணையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"தம்பியெண்டால் சொல்லும். அவனுக்கு என்னை விட்டால் ஆர் இருக்கினம்? முப்பத்தொண்டு முடியாமல் நான் கத்திக்குப் போகமாட்டன். ஆஸ்பத்திரிக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடும்."

அப்பா பிடிவாதக்காரர் இல்லை. ஆனால் அந்தத் தம்பி விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நத்தாருக்குப் பிறகு என்று டொக்டர் சொன்னதும் எங்கள் இருவருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் அப்பா போகமாட்டார். இல்லை என்று சொன்னால் அப்பா நம்பமாட்டார். அம்மா ஒரு நிமிடம் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த எண்ணெய் புகைக்குது, நெஞ்சுக்குக் கூடாதெண்டு விட்டனான்," என்றார். "அதுக்கு என்னென்ன கற்பனையெல்லாம் செய்து வைச்சிருக்கிறியள். பொறுங்கோ, இப்பவே ஏத்திறன்."

போய்க் குளித்தார். திருநீறு பூசி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். நான் ஒளித்துவைத்த எண்ணெய்ப் போத்தலைக் கேட்டு வாங்கினார். திரியைத் திரித்துப் போட்டார். ஒரே குச்சியில் பற்றியது. கற்பூரமும் கொளுத்தி, வழக்கமாகப் பாடும் தேவாரத்தை வழக்கமான குரலில் பாடினார். அப்பா கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். பிறகு தலையணையில் சாய்ந்து, "அப்ப சரி," என்றார். ஒன்பது நாளாக அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

அம்மா பொய் சொல்வார் என்றால் அப்பா நம்பியிருப்பார். அம்மா துடக்கோடு விளக்கேற்றுவார் என்றால் அப்பா மட்டுமல்ல, அளவெட்டியில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். முப்பத்தெட்டு வருடம் இம்மியும் பிசகாமல் இருந்து சேர்த்த பேரை அம்மா அந்த ஒரு காலையில் எடுத்துச் செலவழித்துவிட்டார்.

அதோடும் விடவில்லை. என்னை ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார், நல்ல பெரிய மீனாக வாங்கி வா என்று. மத்தியானம் மீன் குழம்பு. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரைகளை இழுத்துப் போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். தங்கச்சிக்குப் பெரிய சந்தோஷம். அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். சித்தப்பாவுக்கு நானும் துடக்குக்காரிதான். அதைத் தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டேன்.

பின்னேரம் சலவை அறையில் அம்மாவைத் தனியே பிடித்தேன். எனக்கு அப்போதும் இதே வாய்தான். பதினாறு வயதுக் கோபத்தில் கேட்டுவிட்டேன்.

"சித்தப்பா உங்களுக்கு மகன்மாதிரி எண்டு சொல்லுவியள். சொந்த மகனெண்டால் இந்த மீன் தொண்டைக்குள்ள இறங்கியிருக்குமோ?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"இறங்கேல்லைப் பிள்ளை, விழுங்கினனான்," என்றார். "அப்பா உயிரோட இருக்கட்டும். பாவம் என்ர தலையில கிடக்கட்டும்."

அந்தக் கேள்வியைக் கேட்ட வாயை நான் இன்றுவரை நொந்துகொள்கிறேன். அம்மா இருக்கும்போது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பலமுறை வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இந்த மலரில் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

அடுத்த ஐந்து நாளும் அம்மா விடாமல் விளக்கேற்றினார். சத்திரசிகிச்சை அன்று காலை அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூவரும் அன்ரியும் நடைபாதைக் கதிரைகளில் இருந்தோம். ஆறு மணித்தியாலம். அன்ரி கந்தர் சஷ்டி கவசப் புத்தகத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. அதை என் மடியில் வைத்தார்.

"நீங்கள் கேளுங்கோ. எனக்குக் கேக்க முகமில்லை."

அந்த ஆறு மணித்தியாலமும் அம்மா கும்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பினார். யாரோ வேறு ஒருவருடைய ஆள் என்று தெரிந்தவுடன் திரும்ப இருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு டொக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பா வைத்தியசாலையில் இருக்கும்போதே சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் வந்தது. ஐயர் யாரும் அப்போது சிட்னியில் இல்லை. அன்ரி வீட்டில் சித்தப்பாவின் படத்துக்கு முன் அம்மா படைத்தார். சின்ன வயதில் சித்தப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்கிற உளுத்தம்மாப் பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைப்பழம். நெருப்புப்பெட்டியை அன்ரி நீட்டியபோது அம்மா கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். நீங்கள் ஏற்றுங்கள் அக்கா, நான் துடக்கை முறித்தவள் என்றார். அன்றுதான் அம்மா சித்தப்பாவுக்காகச் சத்தம் வைத்து அழுதார். அன்ரி எல்லா யன்னலையும் சாத்தினார்.

அப்பா வீட்டுக்கு வந்து ஆறு கிழமைக்குப் பிறகு, இனிச் சொல்லலாம் என்று டொக்டர் விட்டார். அன்ரி தான் சொல்வதாகக் கேட்டார். அம்மா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து, தந்தியையும் கையில் கொடுத்துச் சொன்னார். தங்கச்சியை அன்ரி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம், நான் குசினிக்குள் நின்றேன். அப்பாவின் புது வால்வு இரும்பில் செய்தது, வீடு அமைதியாக இருந்தால் அது அடிப்பது மணிக்கூடு மாதிரிக் கேட்கும். அன்று அது மட்டும்தான் கேட்டது. தந்தியை மடித்து வைத்துவிட்டு அப்பா கேட்டார்.

"நான் கேட்ட அண்டைக்கு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சோ விளக்கேத்தினனீர்?"

"ஓம். தெரிஞ்சுதான் ஏத்தினனான்."

அப்பா அதற்குப் பிறகு மூன்று கிழமை அம்மாவோடு கதைக்கவில்லை. தேவையானதை என் மூலம் சொல்லியனுப்புவார். அம்மா எல்லாம் நேரத்துக்குச் செய்துகொடுப்பார். ஆனால் சாமித்தட்டில் கை வைக்கவில்லை. இந்தக் கையால் இனி ஏற்றமாட்டேன், நீ ஏற்று என்று எனக்குச் சொன்னார். அவர்கள் இருவர்மேலும் எனக்கு ஆத்திரம். நானும் ஏற்றவில்லை. மூன்று கிழமை அந்த வீடு ஒரு வீடாக இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பொழுதுபடும் நேரம் அப்பா கட்டிலிலிருந்து எழும்பினார். நெஞ்சில் வெட்டிய இடத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குசினிக்கு நடந்தார். வாழ்நாளில் சாமித்தட்டின் பக்கம் போகாத மனிதர் எண்ணெய் விட்டு, திரி போட்டார். முதல் குச்சி அணைந்துபோயிற்று. இரண்டாவதில் பற்றியது. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பாமலே கூப்பிட்டார்.

"இஞ்சேரும், வந்து கும்பிடும்."

அம்மா வந்து அவருக்குப் பின்னால் நின்று கும்பிட்டார். அதைப் பற்றி அவர்கள் இருவரும் பிறகு ஒருநாளும் பேசியதாக எனக்குத் தெரியாது. அந்த வால்வு அப்பாவுக்கு இருபத்திரண்டு வருடம் அடித்தது. இருபத்திரண்டு வருடமும் எங்கள் வீட்டில் விளக்கை அப்பாதான் ஏற்றினார். வெளியூர் போனாலும் பொழுதுபடமுன் வந்துவிடுவார். ஆம்பிளை விளக்கேற்றுகிற வீடு என்று சிலர் பகிடி பண்ணினீர்கள். நீங்கள் யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பின்னால் யுத்தம் உண்மையாகவே வந்து, ஊரிலிருந்து பிள்ளைகள் ஒரு பையோடு சிட்னிக்கு வரத் தொடங்கியபோது அம்மாவின் ஹோலில் எப்போதும் இரண்டு மெத்தை விரித்திருந்தது. இந்த மலரைப் படிக்கிற உங்களில் பலர் அந்த மெத்தையில் படுத்தவர்கள். ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் அம்மா ஒருவரிடமும் மறைக்கமாட்டார். பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, நேரே சொல்லிவிடுவார். எப்படி இவ்வளவு துணிவு என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

அப்பாவுக்குப் பிறகு அம்மா பிளாக்டவுனில் தங்கச்சியோடு இருந்தார். அங்கே விளக்கேற்றுவது தங்கச்சி. அம்மா பின்னால் நிற்பார். கடைசிக் கிழமைகளில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வீட்டிலேயே இருக்க விடுங்கள் என்று கேட்டார், விட்டோம். ஒரு பின்னேரம் கட்டிலைச் சாமி அறைக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, நெருப்புப்பெட்டியை அவர் கையில் வைத்தேன். நாற்பத்தைந்து வருடமாயிற்றே அம்மா, ஒருக்கா நீங்கள் ஏற்றுங்கோவன் என்றேன். மாட்டேன் என்று அம்மா தலையை ஆட்டினார்.

"இன்னும் பத்தொன்பது நாள் கிடக்குப் பிள்ளை."

அம்மாவுக்கு மனம் தடுமாறுகிறது என்று தங்கச்சி எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். பத்தொன்பது நாளில் யாருடைய பிறந்தநாள் என்று அம்மாவிடமும் கேட்டாள். எனக்கு விளங்கிவிட்டது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். முப்பத்தொரு நாளில், தெரியாமல் போன முதல் மூன்றையும் சேர்த்து, பன்னிரண்டு நாள் சித்தப்பாவுக்குக் காத்தார். பதின்மூன்றாம் நாள் காலை அப்பாவுக்காக முறித்தார். மிச்சம் பத்தொன்பது. நாற்பத்தைந்து வருடமாக அம்மா அந்தப் பத்தொன்பது நாளுக்குள்ளேயே இருந்திருக்கிறார். நாலாம் நாள் அம்மா போய்விட்டார்.

அம்மாவைக் கடைசிவரை வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டருக்கும், குளிப்பாட்டி உடுப்பு மாற்றிய தாதிமாருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், முப்பத்தொரு நாளும் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்து தந்த குடும்பங்களுக்கும், கிளேட்டனிலிருந்து இரவிரவாகக் கார் ஓடி வந்த மருமக்களுக்கும் எங்கள் நன்றி. தொண்ணூற்றொரு வயதில் சக்கர நாற்காலியில் வந்து அம்மாவின் காலடியில் இருந்த அன்ரிக்கு நன்றி சொல்ல எங்களுக்கு வாய் போதாது. அந்தத் தந்தியை அவர் இன்னும் வைத்திருந்து என்னிடம் தந்தார்.

இனி விளக்கு. கிரியைகள் முடிந்து வந்த அன்று நான் தங்கச்சிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ஆசையாகத் தின்ற மீன் என்ன மீன் என்று அவளுக்கு இத்தனை வருடம் தெரியாது. பிறகு தமிழிலேயே சொன்னாள், "அக்கா, மிச்சத்தை நாங்கள் இருப்பம்." அந்தச் சாப்பாட்டில் இருந்த நாலு பேரில் மிச்சம் நாங்கள் இருவர்தான். அதனால் பிளாக்டவுன் வீட்டிலும் ஹோம்புஷ் வீட்டிலும் இன்னும் பத்தொன்பது நாளுக்கு விளக்கில்லை, மீனில்லை. அது முடிந்ததற்கு மறுநாள் மாலை தங்கச்சி வீட்டில் விளக்கேற்றுவோம். வரக்கூடியவர்கள் வாருங்கள். உளுத்தம்மாப் பிட்டு இருக்கும்.

அம்மாவின் துடக்கு இன்றோடு முடிந்தது. நாளைக்குச் சித்தப்பாவின் பதின்மூன்றாம் நாள்.

மூத்த மகள்,
ஹோம்புஷ்